சுண்ணாம்புக்கு அடியில் நடந்தவர்கள்

அப்பா இறந்த அன்று காலை கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கத்துக்கும் பஸ் கிளம்பவில்லை. எங்கள் பக்கத்தில் அதிகமாக இருக்கிற சாதிக்காரர்கள் தங்களுக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டை ரோட்டிலும் சேலம் ரோட்டிலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரி வாசலில் டீ விற்றவர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டே நான் அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா கோமுகி அணையில் லஸ்கராக இருந்தவர். மதகைத் திறப்பது, மூடுவது, வாய்க்கால் கரையோடு நடந்து எங்கேயாவது உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, இதுதான் லஸ்கர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் விடிந்ததும் வாய்க்கால் பக்கம் போய்விடுவார். அங்கேதான் முந்தின நாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்போது நான் கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். தகவல் வந்ததும் இறங்கி வந்துவிட்டேன். அதுதான் மலையிலிருந்து இறங்கிய கடைசி பஸ் என்று எனக்கு அப்போது தெரியாது.

அண்ணன் மெட்ராஸில், அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். பட்டறைக்குப் பக்கத்தில் இருந்த மளிகைக் கடைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டோம். கடைக்காரர் அவனைக் கூப்பிட்டு வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். "நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றான். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவளிடமும் அதையே சொன்னான். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். ரோடு இருக்கிற நிலைமையை நான் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வேன் டிரைவர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கண்ணாடியை உடைத்துவிடுவார்கள். மாமாதான், அம்மாவின் தம்பி, கரும்பு ஏற்றும் மாட்டுவண்டியைக் காட்டு வழியாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்பாவைப் பாயோடு தூக்கி வண்டியில் வைத்தோம். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். கச்சிராயபாளையம் ரோட்டில் அன்றைக்குக் கேட்ட ஒரே சத்தம் கோடாலிச் சத்தம். ஒரு இடத்தில் நிற்கும், வேறு இடத்தில் ஆரம்பிக்கும். எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. மாடுகள் மிரண்டு மிரண்டு நின்றன.

எங்கள் ஊர்த் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன்மேல் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் இறங்கி வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். செத்த உடம்பைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தான். இன்னொருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ மலையில நர்ஸா இருக்கிற பொண்ணுதானே? உனுக்கு எப்பிடி வேலை கெடைச்சிது?"

"பரிச்சை எழுதினேன்" என்றேன்.

"நாங்களுந்தான் எழுதினோம்."

அவன் குரலில் கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம். நாங்கள் காலனிக்காரர்கள், கிறிஸ்தவர்கள். இட ஒதுக்கீடு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புதிதில்லை. அவன் கேட்டது எனக்குப் புரியாமலும் இல்லை. ஆனால் அப்பாவை வண்டியில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்று அதைப் பேச முடியாது. மாமா என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த நேரத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் வயல் பக்கத்திலிருந்து வந்தார். வண்டிக்குள் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"லஸ்கரா?" என்று கேட்டார். பையன்களைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். மாட்டை அவிழ்த்துவிட்டு, அப்பாவைப் பாயோடு அவர்களே தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். என்னிடம் கேள்வி கேட்டவனும் ஒரு முனையைப் பிடித்திருந்தான். வண்டியை வயலில் இறக்கிச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பெரியவர் மாமாவிடம் மெதுவாகச் சொன்னார்: "ஊருக்குள்ள போவாதீங்க. தெரு மொனையில நிக்கிறதெல்லாம் வெளியூர்ப் பசங்க. நாங்க சொன்னாலும் கேக்க மாட்டானுங்க. ஆத்தோரமாப் போயிடுங்க."

காலனிக்குப் போக அந்தத் தெரு முனையைத் தாண்டியாக வேண்டும், வண்டிக்கு வேறு வழி கிடையாது. ஆற்றோரமாகப் போனால் கல்லறைத் தோட்டம்தான் வரும். அப்படித்தான் அப்பா வீட்டுக்கு வராமலே கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

தோட்டத்தின் நடுவில் ஒரு சின்னக் கோயில் உண்டு. கல்லறைக் கோயில் என்று சொல்வோம். கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். நம் கை நீளத்துக்கு அகலமான சுவர், குனிந்து போக வேண்டிய வாசல். பங்குக் கோயிலைவிட அது ரொம்பப் பழையது என்று எல்லோருக்கும் தெரியும். யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. அடக்கத்துக்கு முன்னால் பெட்டியை அங்கே வைத்து ஜெபம் சொல்வார்கள். வருஷா வருஷம் நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வெள்ளையடிப்பார்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்து அடித்துச் சுவரே வீங்கிப்போயிருந்தது.

சாவி, சாமியார் இல்லாதபோது ஜெபம் நடத்துகிற உபதேசியாரிடம் இருந்தது; மாமா போய் அவரைக் கூட்டி வந்தார். பங்குச் சாமியார் ஒரு கூட்டத்துக்காகக் கடலூர் போய், திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமல் உடம்பை உள்ளே இவ்வளவு நேரம் வைக்கலாமா என்று உபதேசியார் தயங்கினார். மழை தூற ஆரம்பித்தது. அம்மா வண்டியைவிட்டு இறங்காமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே கல் மேடையில் அப்பாவைக் கிடத்தினோம். தலைமாட்டில் பாடுபட்ட சுரூபத்தை, இயேசு தொங்கும் சிலுவையை, மாட்டுவதற்கு மாமா ஒரு ஆணி அடித்தார். இரண்டாவது அடியில் சுவரிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து, அப்பாவின் தலைக்குப் பக்கத்தில் விழுந்து நொறுங்கியது. அம்மா பதறிக்கொண்டு அவர் முகத்தைத் துடைத்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அங்கே ஒரு கால் இருந்தது. செங்காவி நிறத்தில், கணுக்காலில் ஒரு காப்போடு, குதிகால் தரையைவிட்டுத் தூக்கி அடுத்த அடி வைக்கிற கால்.

அந்த முதல் பகலில் காலனியிலிருந்து சொந்தக்காரர்கள் வயல் வழியாக ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். ஆண்கள் வாசலில் நின்று ரோட்டைப் பற்றியே பேசினார்கள். எங்கேயோ சுட்டுவிட்டார்களாம், எங்கேயோ குடிசைகள் எரிகிறதாம், விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ரயிலும் ஓடவில்லையாம். எது உண்மை, எது வதந்தி என்று பிரிக்க முடியவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா, "எம்புள்ளையைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள், ஏதோ அவன் அடுத்த தெருவிலிருந்து வருகிறவன் மாதிரி.

எனக்கு அழுகை வரவில்லை. உட்காரவும் முடியவில்லை. வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன், ஈ விரட்டுவேன், அப்பாவின் கால்விரல் கட்டைச் சரிசெய்வேன். ஒரு தடவை சுவரோரம் நின்றபோது கை தானாகப் போய் அந்தச் சுண்ணாம்பின் விளிம்பைப் பிடித்தது. கொஞ்சம் நெம்பினேன், ஒரு துண்டு வந்தது. இன்னொரு கால். நகத்தால் முடியாமல்போனபோது தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்தேன். பையில் பஞ்சு இருந்தது. அதை நனைத்துத் தூசியைத் துடைத்தேன்.

"ஏண்டி, இன்னாடி பண்ணிக்கினு இருக்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா."

"கைய வெச்சிக்கினு சும்மா இரு."

இருக்க முடியவில்லை. கால்களுக்கு மேல் வேட்டி வந்தது, இடுப்பு வந்தது, தோளில் காவடிக் கழி வந்தது. கழியின் இரண்டு பக்கமும் பானை தொங்கியது. அவனுக்குப் பின்னால் இன்னொரு ஆள். ஒரு நாய். எல்லோரும் ஒரே பக்கமாக, பீடம் இருந்த பக்கமாக நடந்தார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. இதை இன்றைக்கு எழுதும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அன்று எனக்கு அது ஒன்றுதான் செய்து முடிக்கக்கூடிய வேலையாக இருந்தது.

சாயங்காலம் ஆவதற்குள் ஒரு பெண் வெளியே வந்தாள். குழந்தையை முதுகில் துணியால் கட்டி, முடிச்சைத் தோளில் போட்டிருந்தாள். கரியாலூரில் தடுப்பூசிக்கு வருகிற பெண்கள் அப்படித்தான் கட்டிக்கொண்டு வருவார்கள். வரிசையில் மற்ற எல்லோரும் முன்னால் பார்க்க, அவள் மட்டும் தலையைத் திருப்பியிருந்தாள். நான் அவள் கன்னத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் கேட்டது. அவள் எவ்வளவு நேரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது.

"அவ யாரைத் திரும்பிப் பாக்குறா?"

இன்னும் கொஞ்சம் சுரண்டினால் தெரியும் என்றேன். சுரண்டியும் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் வெறும் மஞ்சள் பூச்சுதான் இருந்தது.

அண்ணன் அன்று வரவில்லை. இரவெல்லாம் பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள். விடிந்து வெயில் ஏறியதும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் வயிறு உப்பியிருந்தது. மூக்கில் வைத்த பஞ்சு நனைந்திருந்தது. எவ்வளவு சாம்பிராணி போட்டும் வாடையை மறைக்க முடியவில்லை. உபதேசியார் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். மாமாவும் என்னைப் பார்த்தார். நான் நர்ஸ், நான்தான் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அம்மா, இனிமே வெச்சிருக்க முடியாது" என்றேன்.

"அவன் வருவான்."

"வருவான்மா. அவன் வரும்போது பாக்குற மாதிரி இருக்காது."

அம்மா அப்பாவின் முகத்தை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். மத்தியானத்துக்குள் குழி வெட்டி அடக்கம் செய்தோம். பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லை. மாமா வண்டியின் பக்கப் பலகைகளைக் கழற்றிக் கொடுத்தார். உபதேசியார் ஜெபம் சொன்னார். அப்படிச் செய்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். வேலையில் நான் பார்த்த எந்தச் சாவிலும் வேறு மாதிரி சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் தரையைக் கழுவிவிடக் கோயிலுக்குப் போனேன். கழுவி முடித்ததும் மறுபடி கை சுவருக்குப் போய்விட்டது. காவடிக்காரர்களுக்கு முன்னால் குடை பிடித்த ஒருவன் தெரிய ஆரம்பித்திருந்தான். வாசலில் வெளிச்சம் மறைந்ததும் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் நின்றிருந்தான்.

விழுப்புரம் வரைக்கும் எதில் எதிலோ தொற்றிக்கொண்டு வந்து, அங்கிருந்து ரோட்டைவிட்டு இறங்கி வயலும் ஏரிக்கரையுமாக நடந்திருக்கிறான். காலில் செருப்பு இல்லை. பாதம் வீங்கி வெடித்திருந்தது. ஆற்றங்கரையில் துணி துவைத்தவர்கள் அடக்கம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். குழிமேட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறான்.

அவன் என்னைப் பார்த்தான், என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தான்.

"அப்பாவை வெச்சிக்கினு இங்க செவுரச் சொரண்டிக்கினு இருந்தியா?"

"ஆமா."

"நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்கன்னு சொன்னேன் இல்ல?"

"முடியலண்ணா."

"உனுக்கு இன்னா. நீ பாத்துட்ட."

அவன் வெளியே போய் ஈர மண்மேட்டின் பக்கத்தில் படுத்துக்கொண்டான். நான் அவன் கால்களைக் கழுவி மருந்து போட்டேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் என் பக்கம் திரும்பவும் இல்லை.

மறியல் முடிந்து ரோட்டில் மரங்களை அறுத்து அப்புறப்படுத்தினார்கள். பஸ் ஓட ஆரம்பித்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் கல்லறைக்கு வந்துவிட்டு அப்படியே சுவரையும் பார்த்தார்கள். பிறகு சுவரைப் பார்க்கவே வர ஆரம்பித்தார்கள். அதில் சிலுவை இல்லை, சாமியும் இல்லை. காவடியில் பானை சுமந்து மலைப் பக்கத்து ஆட்கள் எங்கேயோ நடக்கிறார்கள், அவ்வளவுதான். ஆளுக்கொன்று சொன்னார்கள். நம் முன்னோர்கள் வரைந்தது என்றார்கள் எங்கள் பக்கம். அது பழைய மண்டபம், வெள்ளைக்காரச் சாமியார் காலத்தில் கோயிலாக்கிக்கொண்டார்கள் என்று ஊர்ப் பக்கம் பேச்சு வந்தது. டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு, பிறகு பஸ் ஸ்டாப்பிலும் கேட்டது. மண்டபம் எங்களுடையது, திருப்பிக் கொடுக்கச் சொல்வோம் என்று யாரோ சொன்னதாக ஒருவர் வந்து சொன்னார். சொன்னது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில் எதுவும் அடங்கியிருக்கவில்லை. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் ரோட்டின் இரண்டு பக்கமும் வெளிறி நின்றன. போலீஸ் வேன்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. பக்கத்துக் காலனிகளில் ஆண்கள் வீட்டில் தங்குவதில்லை. சாமியார் கடலூரிலிருந்து திரும்பி வந்து சுவரைப் பார்த்தார். ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். பிறகு கதவைப் பூட்டச் சொன்னார். அழகோ பழசோ, இந்த நேரத்தில் இது ஒரு சண்டைக்குக் காரணமாகிவிடக் கூடாது, அடி வாங்கப்போவது காலனிதான் என்று பங்குக் கூட்டத்தில் பேசினாராம். அவர் சொன்னதில் தப்பில்லை. எப்போதும்போல் திருநாளுக்கு முன்னால் வெள்ளையடித்துவிடலாம் என்று முடிவானது. நான் அதற்குள் மலைக்கு வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு இறங்கி வந்தபோது கோயில் கதவு திறந்திருந்தது. உள்ளே பச்சைச் சுண்ணாம்பு வாசனை. சுவர் முழுக்க வெள்ளை, இன்னும் ஈரம் காயவில்லை. அண்ணன் முழங்கைவரை வெள்ளையாக வாளியோடு நின்றிருந்தான். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

"நீயா அடிச்ச?"

"நான்தான் கேட்டு வாங்கி அடிச்சேன்."

அப்பாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, பூப்போட்டு, அம்மாவுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அவன் அம்பத்தூர் போனான். அம்மா நடுவில் இருந்து, அவன் இப்படி இருக்கிறான், நீ எப்படி இருக்கிறாய் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அவன்மேல் கோபம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். மலையில் வீடு வீடாகப் போகும்போது குழந்தையை முதுகில் கட்டிய ஒருத்தி எதிரே வந்தால் மனசு ஒரு மாதிரி ஆகும். வேலையில் கவனம் ஓடவில்லை. அட்டையில் ஒரு குழந்தையின் எடையை இன்னொரு குழந்தைக்கு எழுதி, மறுபடி அடித்து எழுதினேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வருஷம் நன்றாகப் பிடித்தது. மழை விட்ட ஒரு நாள் காலை, நான் தராசில் குழந்தைகளைத் தொங்கவிட்டு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். காத்திருந்த பெண்களுக்கு நடுவில், பெஞ்சின் ஓரத்தில், அண்ணன் உட்கார்ந்திருந்தான். கச்சிராயபாளையத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறான். அதற்கு முன் அவன் மலைக்கு வந்ததே இல்லை. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று கையிலிருந்த குழந்தையோடு அவன் பக்கம் நடந்தேன். அவன் தலையை ஆட்டி, வேலையை முடி என்று சைகை காட்டினான். கடைசிக் குழந்தை போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஒரு பெண் தன் குழந்தையைச் சற்று நேரம் அவன் மடியில் கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கப் போனாள். அவனும் வைத்துக்கொண்டான்.

எல்லோரும் போன பிறகு, "செவுத்துல சுண்ணாம்பு நிக்கல" என்றான்.

மழை ஈரத்தில் அவன் அடித்தது முழுக்க உரிந்து விழுந்துவிட்டதாம். அவன் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்தபோது, உபதேசியார் மறுபடி அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பினாராம். அவனும் வாளியோடு போனானாம்.

"அடிச்சியா?"

"இல்ல."

பிறகு அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான்: "அப்பா மொகம் எப்பிடி இருந்துது?"

இத்தனை நாளில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. கன்னத்தில் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது என்று சொன்னேன். இடது கண் முழுக்க மூடவில்லை, அம்மா கை வைத்துக்கொண்டே இருந்தாள். நெற்றியில் சுருக்கம் இல்லை. மதகுக்குப் பக்கத்தில் நின்று, தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே எவ்வளவு போகிறதென்று கண்டுபிடிக்கும்போது ஒரு முகம் வைத்துக்கொள்வாரே, கிட்டத்தட்ட அந்த முகம்தான். இரண்டாவது நாள் அது போய்விட்டது. இரண்டாவது நாள் முகத்தை நீ பார்க்காமல்போனது நல்லது என்றும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அடக்கம்வரை வராத அழுகை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நான் நிறுத்தினால், "அப்புறம்?" என்றான். சட்டை என்ன நிறம், கையை எப்படி வைத்திருந்தோம், மரத்தைத் தாண்டும்போது யார் யார் தூக்கினார்கள் என்றெல்லாம் கேட்டான். என்னிடம் வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டவனும் ஒரு முனையைப் பிடித்தான் என்றபோது மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

கடைசி பஸ் போய்விட்டது. சாமைச் சோறும் பருப்பும் ஆக்கினேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். காலையில் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு அந்தச் சுவரில் யாரும் வெள்ளையடிக்கவில்லை. ஊர்ப் பேச்சும் தானாக ஓய்ந்தது. மண்டபத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. சில வருஷம் கழித்து ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்து போட்டோ எடுத்தார்கள். பிறகு தொல்லியல் துறைக்காரர்கள் வந்தார்கள். நாயக்கர் காலமாக இருக்கலாம், அதற்கும் முந்தியதாகவும் இருக்கலாம், மலைக்குப் போகிற வழியில் தங்குவதற்கான மண்டபமாக இருந்திருக்கலாம் என்றார்கள். எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. லீவில் ஊருக்கு வந்திருந்த அண்ணன் அன்று அவர்களோடு இருந்தான். பீடத்துக்குப் பின்னால் அந்தச் சுவர் எப்போதோ இடிந்து புதிதாகப் பூசப்பட்டிருக்கிறது, அங்கே படமே இல்லை என்று தெரிந்துகொண்டு வந்து சொன்னான். ஆகவே அவர்கள் எங்கே போனார்கள் என்பது தெரியப்போவதில்லை. படத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் இருக்கிறதே, யார் செய்தது என்று அதிகாரி கோபப்பட்டாராம். "நாங்கதான்" என்று இவன் சொல்லியிருக்கிறான்.

பங்கில் இப்போது பக்கத்திலேயே கான்கிரீட்டில் ஒரு புதுக் கோயில் கட்டிவிட்டார்கள். சாவுகளை அங்கேதான் வைக்கிறார்கள். பழைய கோயிலுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறது. சாவி கள்ளக்குறிச்சியில் ஏதோ ஒரு ஆபீஸில் இருக்கிறது. போன கல்லறைத் திருநாளுக்கு வந்தபோது அண்ணன் அங்கே போய்க் கேட்டுப் பார்த்தான். திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்திருந்தது, காவலுக்கு இருந்தவர் வேலை நாளில் வரச் சொன்னார். அண்ணன் மறுநாள் பேரனின் பள்ளிக்கூட வேலையாக மெட்ராஸ் திரும்ப வேண்டியிருந்தது. நான் கம்பி வழியாகப் பார்த்தேன். வெளியே வெயில் அதிகமாக இருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.